வானம் போட்ட ஓட்டலில் பெய்த மழை

வானம் போட்ட ஓட்டலுக்குள் மழை பிடித்தது சாயல்குடிக்காரர்கள் அங்கே போய் உட்கார்ந்த முதல் நாளேதான், அதுவும் அவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முதல் வாய் வைக்கப் போன நேரத்தில், அதனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் முதலில் மேலே பார்க்கவில்லை, எல்லாரும் குனிந்து சோற்றைத்தான் மூடினார்கள்.

ஊர் மக்காவ். சீனக் கடலோரத்தில் இருக்கிறது. உலகத்துப் பணக்காரர்கள் வந்து சூதாடுவதற்கென்று எழும்பிய ஊர் என்பதால் அங்கே ஒரு கட்டடம் கிரீடம் மாதிரியும் ஒரு கட்டடம் கப்பல் மாதிரியும் ஒரு கட்டடம் கவிழ்த்து வைத்த வெண்கலப் பானை மாதிரியும் நிற்கும், உள்ளே காப்பி குடிக்கப் போனவர்கள் விலையைப் பார்த்ததும் தாகமில்லை என்று திரும்பி வருவார்கள். அப்படிப்பட்ட ஊருக்குச் சாயல்குடியிலிருந்து ஒரு பஸ் கொள்ளுகிற ஆட்களைத் தெய்வேந்திரன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். காசிக்கும் கயாவுக்கும் ஆள் கூட்டிப் போய்ப் பழகியவன் அவன். அந்த வருஷம், யாரும் போகாத பருவத்தில், மக்காவுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் தெருத்தெருவாகப் போய், "கண்ணால பாக்குறதுக்கு எந்த ஊர்லயும் காசு கேக்க மாட்டான்க்கா, நம்ம போயி நல்லாப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லி ஆள் சேர்த்துவிட்டான்.

அவன் செய்திருந்த ஏற்பாடு சிக்கனமானது. தங்குவது பழைய ஊருக்குள் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட ஒரு விடுதியில். சமைப்பதற்குக் கூடவே சோலைராசு, சோலைராசோடு அரிசியும் பருப்பும் புளிக்காய்ச்சலும் ஒரு கரண்ட் அடுப்பும். காலையில், சூதாட வருகிறவர்களுக்காகப் பெரிய ஓட்டல்காரர்கள் சும்மா விட்டிருக்கும் பஸ்ஸில், சூதாடத் தெரியாத இவர்கள் எல்லாரும் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறிப் போய், பளிங்குத் தரையும் குளிர்காற்றும் வாசனைக் கழிப்பறையும் உள்ள ஒரு மாளிகையில் பொழுது சாயும்வரை இருந்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகப் பேர் கொடுத்தவள் மங்களேஸ்வரி. அவளுடைய வீட்டுக்காரர் பூமிநாதன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஓய்வு பெறும் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகன் வழிவிட்டான் வேலைக்கென்று வெளிநாடு போனவன், அப்பாவின் சாவுக்கு வரவில்லை, அதற்குப் பிறகு போனும் செய்யவில்லை. அன்றையிலிருந்து மங்களேஸ்வரிக்கு எதுவும் உறைப்பதில்லை. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைப்பாள், கை கன்றிப் போயிருப்பதை அடுத்தவர் சொல்லித்தான் பார்ப்பாள். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போய் ஒரே முகத்தோடு வந்தாள். ராமநாதபுரத்து டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தது பூமிநாதனின் தங்கை சண்முகக்கனி. "வீட்டுக்குள்ளயே கிடந்து என்ன செய்யப் போறீங்க மதினி, வாங்க, ஒரு ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லி, என்ன ஊர் என்பதையும் மெதுவாகச் சொன்னாள். மங்களேஸ்வரி கையிலிருந்த முருங்கைக்கீரையை உருவி முடித்துவிட்டுச் சரி என்றாள். வழிவிட்டான் இருப்பது அந்த ஊரில்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் வேலை என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவர்கள் வீட்டிலும் பேசவில்லை, விமானத்திலும் பேசவில்லை. அவனைத் தேடவேண்டும் என்று மங்களேஸ்வரி வரவில்லை, பார்க்கவேண்டும் என்றும் வரவில்லை. அவன் மூச்சு விடுகிற ஊரில் கொஞ்ச நாள் தானும் மூச்சு விட்டுவிட்டுப் போவோம் என்று நினைத்தாள், அதைக்கூட ரொம்ப நினைக்கவில்லை.

அவர்கள் போன ஓட்டலுக்குள் ஒரு தெருவே இருந்தது. தெருவுக்கு நடுவில் பச்சைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வாய்க்காலில் படகு, படகில் கோடு போட்ட சட்டைக்காரன் பாடிக்கொண்டே துடுப்புப் போட, இரண்டு பக்கமும் நகைக்கடைகளும் பை கடைகளும், இவை எல்லாவற்றுக்கும் மேலே, கூரை முழுக்க, மேகமும் நீலமுமாக எழுதிய ஒரு வானம். அந்த வானத்தில் காலையும் கிடையாது, மத்தியானமும் கிடையாது, எப்போதும் சாயங்காலம்தான், வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற அந்த நேரம். சாயல்குடிக்காரர்கள் அதற்கு வானம் போட்ட ஓட்டல் என்று பேர் வைத்தார்கள். வாய்க்கால் ஓரத்துப் பெஞ்சுகளில் உட்கார யாரும் காசு கேட்கவில்லை என்பதால் அங்கேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள், அப்போதுதான் மழை பிடித்தது.

முதலில் தூறல். பிறகு சரம் சரமாக, சத்தத்தோடு, ஐப்பசியில் பெய்யவேண்டிய மாதிரி. "பைப்பு ஒழுகுது, தள்ளி உக்காருங்க" என்று தெய்வேந்திரன் சொன்னான், எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள், மழையும் தள்ளிப் பெய்தது. இன்னொரு பெஞ்சுக்குப் போனார்கள், மழையும் வாய்க்காலைத் தாண்டி வந்தது. ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குத்தான் அது பெய்தது, பந்தலுக்கு வெளியே ஒரு சொட்டு கிடையாது, அந்தப் பந்தலுக்கு நடுவில் மங்களேஸ்வரி இருந்தாள்.

"மதினி, நீங்க போற பக்கமா வருது," என்றாள் சண்முகக்கனி.

"வரட்டும்," என்றாள் மங்களேஸ்வரி. அவளுக்கு நனைவது தெரியவில்லை. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, மழை என்று தெரிந்துகொண்டாள்.

கட்டடத்துக்குள் மழை பெய்கிறதே என்று அந்தக் கூட்டத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழையில்லாத சீமையில் பிறந்து, வானத்தைப் பார்த்தே கழுத்து நொந்து போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு வந்தது கோபம்தான். "வருஷம் பூரா நம்ம கண்மாயில ஒரு சொட்டு விழலை, இங்கன தேவையில்லாத இடத்துல வந்து ஊத்துது பாரு" என்று ஒருத்தி வைதாள், இன்னொருத்தி முந்தானையை விரித்துப் பிடித்தாள். சோலைராசு அன்றைக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் பஸ் ஏறும்போது அவன் கையில் இரண்டு அண்டா இருந்தது.

மறுநாளும் பெய்தது. மங்களேஸ்வரி அந்த வானத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் பெய்தது, எழுந்து வெளியே பஸ்ஸுக்குப் போனால் நின்றது, விடுதியில் பெய்யவில்லை, நிஜ வானத்துக்குக் கீழே நடக்கும்போது ஒரு தூறல்கூட இல்லை. விடுதியில் துணி துவைக்க இடமில்லை, வெளியில் துவைக்கப் போட்டால் கேட்கிற கூலிக்குப் புதுத் துணியே எடுக்கலாம் என்பதால், பெண்கள் ஆளுக்கொரு மூட்டை அழுக்குத்துணியோடு வந்தார்கள். பளிங்குத் தரையில் சேலையைக் கும்மி, அலசி, முறுக்கிப் பிழிந்து, வாய்க்கால் கைப்பிடியில் வரிசையாகக் காயப்போட்டார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று தலைக்குக் குளித்தார்கள். சோலைராசு அண்டாவில் தண்ணீர் பிடித்து, "கம்மாத் தண்ணி மாதிரி பருப்பு நல்லா வேகுதுங்க்கா" என்று சந்தோஷப்பட்டான். நடுவில் மங்களேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், யாராவது, "யக்கா, கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்து உக்காருங்க, சோப்பு போகணும்" என்பார்கள், அவளும் நகர்ந்து உட்காருவாள்.

ஓட்டல்காரர்கள் முதலில் ஆள் அனுப்பினார்கள். நீலச்சட்டைக்காரர்கள் ஏணி போட்டு ஏறி வானத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், குழாய் ஒன்றும் இல்லை, மேகத்தில் எழுதிய சாயம் ஓரிடத்திலும் ஊறியிருக்கவில்லை, தொட்டால் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி தூசிதான் ஒட்டியது. பிறகு கூட்டுகிற பெண்கள் நீளத் துடைப்பத்தோடு வந்து தண்ணீரை வாய்க்காலுக்குள் தள்ளினார்கள், இரண்டாம் நாளே சாயல்குடிப் பெண்களோடு சைகையில் பேசிப் பழகி, துணி பிழிய ஒரு முனை பிடித்துக் கொடுத்தார்கள். பை விற்கிற கடைக்காரன் பைகளை உள்ளே தள்ளிவிட்டுக் குடைகளை முன்னால் தொங்கவிட்டான். படகுக்காரன் மழைக்குத் தோதாக ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டான். அதற்குள் சூதாட்டக்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது.

அந்த ஊரில் தண்ணீர் என்றால் செல்வம். வீட்டு வாசலில் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டு வைப்பவர்கள், கனவில் வெள்ளம் வந்தால் விடிந்ததும் சூதாட்ட மேஜைக்கு ஓடுகிறவர்கள், தலைக்கு மேல் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கண்டால் விடுவார்களா? கோட்டுப் போட்டவர்கள், வைரத் தோடு போட்ட கிழவிகள், தேனிலவுக்கு வந்த ஜோடிகள், ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்து கண் சிவந்து போனவர்கள் எல்லாரும் வந்து, காயப்போட்ட சேலைகளை மரியாதையாக விலக்கி, மழைக்குள் கையை நீட்டி நனைத்துக்கொண்டு மேஜைகளுக்கு ஓடினார்கள். ஜெயித்தார்களோ தோற்றார்களோ, அடுத்த வேளைக்கு மறுபடி வந்தார்கள். ஓட்டல்காரர்கள் ஏணியை எடுத்துவிட்டுப் பட்டுக்கயிறு கட்டினார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் துவைப்பு. பெஞ்சை எடுத்துவிட்டு மங்களேஸ்வரிக்கு மெத்தை தைத்த நாற்காலி போட்டார்கள். அவள் அதில் உட்கார்ந்து, நனைந்த கைகளின் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு கைக்கும் பின்னால் ஒரு முகம் இருந்தது. பார்த்த முகம் ஒன்றும் அதில் இல்லை. இல்லை என்பது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, அடுத்த முகத்தைப் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், ஓட்டலின் பெரிய அதிகாரி லாவ் என்ற அம்மாள் நேரிலேயே வந்தாள். ஒல்லியாக, முத்து மாலையும் கருப்புக் கோட்டுமாக வந்து, மழையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பேசினாள். தெய்வேந்திரன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொஞ்ச தூரம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, ஏதோ பெரிய விஷயமா பேசுது இந்தம்மா, எனக்குப் பிடிபடலை" என்று கையை விரித்தான். லாவ் அம்மாள் யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இந்தப் பெண்ணின் பாஷை தெரிந்தவன் நம் ஆட்களில் எவனாவது உண்டா, பார்த்துக் கூட்டி வா என்று சொல்லியிருக்கவேண்டும். போனவன், கொஞ்ச நேரத்தில், தரைக்குக் கீழே மூன்று தளம் இறங்கிப் போனால் இருக்கிற சலவைக்கூடத்திலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சண்முகக்கனிதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்களேஸ்வரியும் பார்த்தாள். அவனுக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. பூமிநாதனுக்கும் அதே வயதில் அதே இடத்தில்தான் கொட்டியது. ஆவியிலேயே நின்று வேலை பார்த்து விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. அவன் அவளைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. மேலே மழைக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள், நீளத் துணி சுற்றியிருக்கிறாள், உன் நிறம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தும் அவன் மேலே ஏறி வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியதால் வந்தான். மழைக்கு வெளியே, ஒரு துளிகூடப் படாத தூரத்தில் நின்றான்.

லாவ் அம்மாள் பேசினாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க இங்கயே தங்கணும்னு கேக்குறாங்க," என்றான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"யாரு?"

"இவங்க. இந்த ஓட்டலுக்கு இவங்கதான் எல்லாம். மேல, கடலைப் பாத்த அறை குடுக்குறாங்களாம். சாப்பாடு, துணிமணி எல்லாம் அவங்க பொறுப்பாம். நீங்க காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காந்தாப் போதுமாம்."

"எம்புட்டு நாளைக்கி?"

அவன் கேட்டுச் சொன்னான். "உங்களுக்கு இருக்கத் தோணுற வரைக்கும்."

மங்களேஸ்வரி யோசித்தாள். யோசிக்க அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் தொண்டையிலிருந்து அந்த ஊர்ப் பாஷை ஏறி இறங்கி வந்ததை மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் பேசுகிறான் என்று நினைத்தாள்.

"இவங்களுக்கு அப்பா இருக்காரான்னு கேளு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "அதெல்லாம் எதுக்கு..."

"கேளுப்பா. கேட்டுச் சொல்லத்தானே வந்திருக்க."

அவன் கேட்டான். லாவ் அம்மாள் முத்துமாலையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் பதில் சொன்னாள்.

"இல்லையாம். போன வருஷம் தவறிட்டாராம்."

"போனாங்களா?"

"போனாங்களாம். ஒரு மீட்டிங்கைப் பாதியில விட்டுட்டுக் கார்லயே போனாங்களாம்."

"நல்லது. அப்ப அவங்களுக்குச் சொன்னா விளங்கும். ஏன் தங்க முடியாதுன்னு நான் சொல்லச் சொல்ல, அவங்க பாஷையில நீ சொல்லு."

சேலை கும்மிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மங்களேஸ்வரி மடியில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது போல, குரல் ஏறாமல் இறங்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கண்டக்டரு. கமுதி போற பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கையிலேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கட்டுல உக்காந்துட்டாரு."

அவன் சொன்னான். அந்த ஊர்ப் பாஷையில் அது கொஞ்சமாகத்தான் இருந்தது.

"பஸ்ஸோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. பாதி வழியில இறங்க வேண்டியவுக ஒருத்தரும் இறங்கலை. எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாக."

அவன் சொன்னான். லாவ் அம்மாள் தலையசைத்தாள்.

"போயிட்டாருன்னு சொன்னாக. ஐஸ் பெட்டி எடுத்து வச்சோம். மகன் வெளிநாட்டுல இருக்கான், வரட்டும்னு வச்சிருந்தோம்."

அவன் வாயைத் திறந்தான். பாதியில் நிறுத்தி, வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னான்.

"பாக்க வந்தவுக எல்லாரும், எப்ப வாரான் எப்ப வாரான்னு கேட்டாக. வாரான்னு சொன்னேன். பிளேன் ஏறிட்டான்னு சொன்னேன். மதுரையில இறங்கிட்டான், அருப்புக்கோட்டை தாண்டிட்டான்னு சொன்னேன். எனக்கு யாரும் சொல்லலை, நானாத்தான் சொன்னேன்."

அவன் அதைச் சொல்லவில்லை. லாவ் அம்மாள் அவனைப் பார்த்தாள், என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவன் ரொம்பச் சின்னதாக ஏதோ சொன்னான். அம்மா என்ற சொல் எந்தப் பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது, அதனால் மங்களேஸ்வரிக்கும் அது கேட்டது. லாவ் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்து, அந்த நாற்காலியைத் தானே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"வந்தேம்மா," என்றான் வழிவிட்டான். "டிக்கெட் எடுத்து ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எழுந்திரிக்க முடியலை. எழுந்திரிச்சா அப்பா செத்தது நெசமாயிரும்னு உக்காந்தே இருந்தேன். பிளேன் போயிருச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போன் பண்ண?"

"ம்," என்றாள் மங்களேஸ்வரி. "மிச்சத்தையும் கேட்டுக்க. அப்பா முகம் நல்லாத்தான் இருந்துச்சு. சவரம் பண்ணி விட்டாக. புதுக் காக்கிச் சட்டை ஒண்ணு தைச்சுப் போடாம இருந்துச்சு, அதைப் போட்டு விட்டோம். டிரைவருமாருதான் தூக்குனாக, உங்க சித்தப்பா முன்னால நின்னாரு. இந்தா நிக்கிறா பாரு உங்க அத்தை, இவ மகன்தான் கொள்ளி வச்சான். நல்லாத்தான் வச்சான்."

எழுந்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மழையின் ஓரம் ஒரு கோடு மாதிரி தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவனை அணைக்கவேண்டும் என்றோ அறையவேண்டும் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. செய்யாமல் விட்டுப்போன வேலை ஒன்று பாக்கி கிடக்கிறது, அதை முடிக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"சட்டையைக் கழத்து," என்றாள். "உள்ள வா."

அவன் சுற்றிலும் பார்த்தான். நகைக்கடைகளைப் பார்த்தான், பட்டுக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வரிசையைப் பார்த்தான். பிறகு வெள்ளைச் சட்டையின் பித்தான்களை மேலிருந்து கீழ் வரை கழற்றி, சட்டையைக் கைப்பிடியில் சேலைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டு, வெறும் உடம்போடு மழைக்குள் வந்தான். தலை நனைந்தது, தோள் நனைந்தது, எலும்பு தெரிந்த முதுகில் தண்ணீர் ஓடியது. அவன் முகத்தைத் துடைக்கவில்லை. சாவு வீட்டில் மகன் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரிதான் நின்றான், அதை அந்தக் கூட்டத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெண்கள் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். ஆண்கள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். சோலைராசு அண்டாவைச் சத்தமில்லாமல் நகர்த்தினான்.

அவர்கள் பக்கத்தில் கேதம் கேட்கிற முறை ஒன்றுண்டு. செத்தவர் வீட்டு ஆண் வாசலில் இரண்டு கைகளையும் நீட்டி நிற்பான், வருகிறவர்கள் தங்கள் கைகளை அவன் கைகள் மேல் வைத்து எடுப்பார்கள், வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொல்லக் கூடாது. சண்முகக்கனி முதலில் வந்தாள். "ஏ வழிவிட்டா" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் பேசாமல் கையை வைத்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் தெய்வேந்திரன், தெய்வேந்திரனுக்குப் பின்னால் சோலைராசு, அவனுக்குப் பின்னால் அந்தப் பஸ் நிறைய ஆட்களும், பூமிநாதனிடம் சில்லறைக்குச் சண்டை போட்டவர்களும் அவர் தூக்கிவிட்ட கூடையோடு பஸ் ஏறியவர்களும், ஒருவர் பின் ஒருவராக மழைக்குள் வந்து கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார்கள்.

பட்டுக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இதைப் பார்த்தார்கள். மழைக்காரியின் ஊர்க்காரர்களே வரிசையாகப் போய் அந்த ஆளின் கையைத் தொட்டுவிட்டு வருகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று நினைத்தார்கள். கண் சிவந்த ஒருத்தன் கயிற்றைத் தாண்டி வந்து வரிசையில் சேர்ந்தான், அவனுக்குப் பின்னால் வைரத்தோட்டுக் கிழவி, அவளுக்குப் பின்னால் கோட்டுக்காரர்கள், தேனிலவு ஜோடிகள், மேஜைகளிலிருந்து எழுந்து வந்தவர்கள், சீட்டுப் பிரித்துப் போடுகிறவர்கள், துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்த பெண்கள், படகைக் கட்டிவிட்டு வந்த கோடு போட்ட சட்டைப் பாட்டுக்காரன், சலவைக்கூடத்திலிருந்து சேதி கேட்டு ஏறி வந்தவர்கள். முன்னால் போனவர்கள் பேசவில்லை என்பதால் இவர்களும் பேசவில்லை. முன்னால் போனவர்கள் தலையைக் குனிந்தார்கள் என்பதால் இவர்களும் குனிந்தார்கள். வரிசை வாய்க்கால் ஓரமாகவே போய், பாலத்தில் ஏறி இறங்கி, நகைக்கடைகளைச் சுற்றி, சூதாட்ட மண்டபத்துக்குள் நுழைந்து எங்கோ முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மேஜைகளில் ஆளில்லாமல் போனது என்று பிற்பாடு சொன்னார்கள். வழிவிட்டான் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். எத்தனையோ ஊர்க் கைகள் அவன் கைமேல் வந்து வந்து போயின. நடுவில் எங்கேயோ அவனுக்கு அழுகை பிடித்துக்கொண்டது, அழுதுகொண்டே நீட்டினான், வந்தவர்களில் சிலர் ஏன் என்று தெரியாமலே தாங்களும் அழுதுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் லாவ் அம்மாள் வந்தாள். கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு மழைக்குள் வந்து, தயங்கி நின்று, அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"என்ன கேக்குறாங்க?" என்றாள் மங்களேஸ்வரி.

"என்ன சொல்லணும்னு கேக்குறாங்கம்மா. ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்."

லாவ் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கையை வைத்து எடுத்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் அவன் நீட்டியது போலவே அவனுக்கு முன்னால் நீட்டினாள். வழிவிட்டான் தன் ஊறிப்போன கைகளை அவற்றின் மேல் வைத்து எடுத்தான்.

மறுநாள் சாயல்குடிக்காரர்கள் விமானம் ஏறிப் போனபோது வழிவிட்டான் அவர்களோடு போகவில்லை. அவன் வருஷ திதிக்கு வந்து, ஒரு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த ஓட்டலில் பட்டுக்கயிறு இன்னும் கட்டித்தான் இருக்கிறது, நாற்காலியும் கிடக்கிறது, சூதாட வருகிறவர்கள் காய்ந்த காற்றுக்குள் கையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, வரிசையின் கடைசி ஆளும் போய், மழையும் விட்ட பின்பு, சண்முகக்கனி ஒரு காய்ந்த துண்டைக் கொண்டு வந்து மங்களேஸ்வரியின் தலையைத் துவட்டப் போனபோது, மங்களேஸ்வரி அவளைத் தடுத்துவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் கலைந்து போய்க்கொண்டிருந்த ஜனங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு நம்ம ஊர்லகூட இம்புட்டுக் கூட்டம் வரலை, கனி," என்றாள்.